வேவுக்காரனை எப்படிப்பா மறைக்கிறது?

தண்டையார்பேட்டையில எங்க மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமைன்னா கேரம்தான். இப்போ பசங்க ஸ்ட்ராட்டிகோவைப் பிடிச்சுக்கிட்டாங்க, எதிராளியோட கொடியைப் பிடிக்கிற போர் போர்டு கேம். ஆளுக்கு 40 காய், எது என்னன்னு எதிராளிக்குத் தெரியாது.

என் தலைவலி வேவுக்காரங்க, அதாவது ஸ்கவுட் காய்ங்க. 8 பேர் இருக்காங்க. நேர்கோட்டுல வழி இருக்கிற வரைக்கும் ஓடலாம். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல ஓடினாலே குட்டு உடைஞ்சுடும், வேற எந்தக் காயும் அப்படிப் போகாதே! அதனால போன வாரம் ஒருத்தனை ஒவ்வொரு கட்டமா நடக்க விட்டு, இருக்கிறதுலயே பெரிய காயான மார்ஷல் கணக்கா, மச்சானோட கர்னலைத் துரத்தினேன். மூணு தடவை பின்வாங்கினான். நாலாவது தடவை டீ கிளாஸைக் கீழே வச்சு, என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துட்டு, திரும்பி அடிச்சான். போச்சு.

ஆரம்பத்துலயே எத்தனை வேவுக்காரங்களைப் பலி கொடுக்கலாம்? கடைசி ஆட்டத்துக்கு எத்தனை பேரை வச்சுக்கணும்? அப்புறம், ஒரு மூலையை நகராத 2 குண்டுக் காயால அடைச்சு, கொடியை வேற இடத்துல வச்சு ஏமாத்தினவங்க இருக்கீங்களா? எனக்கு அந்த தைரியம் இன்னும் வரல.

மச்சானும் இந்த குரூப்லதான் இருக்கான். பதிலை இன்பாக்ஸ்ல போடுங்க, ப்ளீஸ்.