வடக்குத்தெரு குடும்பம் (குழு)

செந்தில்: டிராக்டர் இன்ஜின் ஹெட்டை இறக்கியாச்சு. மூன்றாவது சிலிண்டரில் புகை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வைப் பாருங்கள். படம் போட்டிருக்கிறேன்.

கலா அத்தை: என்னப்பா, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி

ரகு (துபாய்): எவ்வளவு ஆகும்

மணி மாமா: காசு அப்புறம். செந்தில், வால்வுகளைக் கலந்துவிடாதே. அட்டையில் ஆறு ஓட்டை போட்டு, எந்தச் சிலிண்டர், காற்று உள்ளே விடும் இன்லெட்டா எக்ஸாஸ்டா என்று எழுதிச் செருகி வை. ஒவ்வொன்றும் அதனதன் கைடிலும் (தண்டு ஓடும் குழல்) சீட்டிலும் (தலை உட்காரும் வளையம்) ஓடிப் பழகியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து கார்பனை எடு. சீட்டில் உட்காரும் சரிவு முகத்தில் மட்டும் சுரண்டாதே, கீறல் விழும்.

செந்தில்: மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது மாமா

மணி மாமா: டீசல் போதும்

கலா அத்தை: ஞாயிறு வளைகாப்புக்கு வளையல் யார் வாங்குகிறீர்கள்?

மணி மாமா: கழுவியதும் வால்வின் தண்டை நகத்தால் தடவு. கைடுக்குள் ஓடும் இடம் முடிகிற இடத்தில் படி தட்டினால் தேய்ந்துவிட்டது. மைக்ரோமீட்டரில் மேல், நடு, கீழ் அளந்து பார். கண்ணாடிமேல் தண்டை உருட்டினால் கோணல் தெரியும். தலை ஓரம் கூராக மெலிந்திருந்தால் அரைக்கவே வேண்டாம், தூக்கிப் போடு.

செந்தில்: மெக்கானிக் பார்க்கிறார் மாமா

மணி மாமா: அதனால்தான் சொல்கிறேன்

ரகு (துபாய்): ஏன் கருகியது?

மணி மாமா: டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் சந்து) குறைந்தால் வால்வு முழுதாக மூடாது. மூடி உட்கார்ந்தால்தான் அதன் சூடு சீட்டு வழியாக ஹெட்டுக்கு இறங்கும். கடைசியாக டேப்பெட் வைத்தது யார்?

செந்தில்: சத்தம் வருகிறதென்று சித்தப்பாவின் மச்சான்தான்…

சுந்தரம் சித்தப்பா: சத்தம் போனதும் எல்லாரும் பாராட்டினீர்களே

மணி மாமா: இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தாரா, காதை வைத்தாரா?

வசந்தி சித்தி: என் தம்பியை இதில் இழுக்க வேண்டாம். அன்றைக்கு அவனுக்கு ஒரு டீகூட யாரும் தரவில்லை.

ரகு (துபாய்): ஆறும் மாற்றிவிடலாமா

மணி மாமா: எதற்கு? இன்லெட் மூன்றும் நன்றாக இருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு சீட்டோடு அரைக்கட்டும். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழ வேண்டும். பேஸ்டைச் சுத்தமாகக் கழுவணும், கைடுக்குள் தங்கினால் ஓட ஓட அதையும் அரைத்துவிடும். ஸ்பிரிங் மாட்டிய பிறகு போர்ட்டில் (வால்வு மூடும் வழி) டீசல் ஊற்றிப் பார். கசியக் கூடாது.

கலா அத்தை: வளையல்??

செந்தில்: மெக்கானிக் எக்ஸாஸ்ட் மூன்றும் புதிது போடச் சொல்கிறார். மூன்றாவது சீட்டு லேத்துக்குப் போகணுமாம்.

பெரியப்பா: நாற்று முற்றுகிறது. சேறடிக்க வாடகை வண்டி சொல்லவா?

மணி மாமா: இரண்டு நாள் பொறுங்கள்

பெரியப்பா: நீ போன வருடமும் இதையே சொன்னாய்

ரகு (துபாய்): பாதி நான் அனுப்புகிறேன். மீதி?

சுந்தரம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தி சித்தி: ஏன் நீக்கினீர்கள்?

கலா அத்தை: நான்கு டஜன் பச்சை வளையல் சொல்லிவிட்டேன். காசு செந்தில் கொடுத்துவிடுவான்.

செந்தில்: நானா?