டேக்: குறிச்சொல்லா, கண்ணெழுத்தா?

கும்பகோணத்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு ஞாயிறன்று கணினி வகுப்பு. வீட்டுப் படங்களை டிஜிகாம் மென்பொருளில் ஒழுங்குபடுத்தச் சொல்லித்தர வேண்டும். கையேடு வெள்ளிக்குள் அச்சகம் போயாக வேண்டும்.

'ஆல்பம்' சிக்கலில்லை, தொகுப்பு என்று வைத்துவிட்டேன். டிஜிகாமில் அது வட்டிலுள்ள அடைவுதான் (ஃபோல்டர்). 'டேக்', அதாவது பிறகு தேடி எடுக்கப் படத்துக்கு இடும் அடையாளச் சொல், அப்படியல்ல. திருவாரூர் ஆழித்தேர்ப் படம் ஒன்றுக்கே 'தேரோட்டம்', 'திருவாரூர்', 'பெரியப்பா' மூன்றும் போடலாம். 'குறிச்சொல்' என்று எழுதினால், படங்களை நிறத்தால் பிரிக்க அதே திரையில் இருக்கும் 'வண்ணக் குறி'யோடு குழப்பிக்கொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?

மயிலாடுதுறையிலிருந்து

ஐயா, சொல் நம் பூம்புகாரிலேயே கிடக்கிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில், சரக்குப் பொதிகள் கிடக்கும் வெள்ளிடை மன்றத்தைச் சொல்லுமிடத்தில், "வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி" என்கிறார் இளங்கோவடிகள். யார் சரக்கு, எவ்வளவு என்பது பொதியின் மேலேயே இருக்கிறது. படத்துக்கு நாம் இடுவதும் அதுதானே? டேக் என்பது கண்ணெழுத்து. இடுபவர் கண்ணெழுத்தாளர், அச்சொல்லும் வஞ்சிக் காண்டத்தில் உண்டு.

பட்டினப்பாலையில் புலி பொறித்துச் சரக்கை வெளியே விடுகிறார்களே, அதனால் 'பொறி'யையும் நினைத்தேன். இன்று அது இயந்திரத்துக்குப் போய்விட்டது. கண்ணெழுத்திலுள்ள 'கண்' விழியல்ல என்பது என் துணிபு. கண்ணுதல் என்றால் கருதுதல். கருதி இட்ட எழுத்து கண்ணெழுத்து. இடம் என்னும் பொருளில் கொண்டாலும் தவறில்லை.

தஞ்சாவூரிலிருந்து

அம்மா, மேற்கோள் அருமை. ஆனால் எழுபது வயதுக்காரரிடம் கண்ணெழுத்து என்றால், கண் மருத்துவர் படிக்கச் சொல்லும் அட்டைதான் நினைவுக்கு வரும். இன்னொன்று, பொதியில் எழுதியது பொதியோடு போகும். டேக் அப்படியில்லை. டிஜிகாம் அதைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். கோப்புக்குள்ளும் எழுதும்படி அமைப்பில் தேர்ந்திருந்தால்தான் படத்தோடு சேர்ந்து போகும். இல்லையென்றால் பென் டிரைவில் பேரனுக்குக் கொடுக்கும் படத்தில் பெரியப்பா பெயர் இருக்காது. சொல் எதுவானாலும் இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து

'சிட்டை' ஆகாதா? கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து

சிட்டை என்றால் இங்கே சிட்டா, அடங்கல் என்று நிலப் பேச்சில் இறங்கிவிடுவார்கள். டேக் என்றே விடுங்கள். டகரம் மொழிமுதல் ஆகாது என்று தொல்காப்பியத்தைக் காட்டுவீர்கள், தெரியும். டிராக்டரும் டீசலும் இல்லாமல் இந்த டெல்டாவில் நடவு நடக்கிறதா?

மயிலாடுதுறையிலிருந்து

டிராக்டரை உழவர் நாள்தோறும் தொடுகிறார், அச்சொல் தானாக ஊன்றியது. இங்கே ஒரு வகுப்பே புதிதாகக் கற்கப்போகிறது. முதல் நாளே நல்ல சொல்லைக் கொடுக்காமல் எப்போது கொடுப்பது?

கும்பகோணத்திலிருந்து

அச்சகத்தார் இருமுறை கேட்டுவிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர், தனிமடலில் வந்தவர்களும் சேர்த்து, குறிச்சொல் போதும் என்கிறார்கள். அதையே வைக்கிறேன். குழப்பம் தந்த 'வண்ணக் குறி'யை 'நிறப்பட்டை' என்று மாற்றிவிட்டேன். குறிச்சொல் முதலில் வருமிடத்தில் பக்கத்திலேயே 'டேக்' என்றும் இருக்கும். தஞ்சாவூர் நண்பர் சொன்ன எச்சரிக்கைக்குத் தனிப் பெட்டி.

மயிலாடுதுறையிலிருந்து

நிறப்பட்டை நன்று. குறிச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. டேக்கை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கலாமே. இடம், அதன் கீழ் தஞ்சாவூர், அதன் கீழ் கரந்தை என்று போட்டால் அது சொல்லா, தொடரா? அடுத்த பதிப்புக்கு முன் இதற்கு விடை வேண்டும்.