பால் வாங்குபவர்களிடம் காளைக் கன்றைப் பற்றிச் சொல்லிவிடலாமா?

கொட்டகைக்காரி (சுங்கை சிப்புட்):

தைப்பூசப் பாலுக்குப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டேன். அது முடிவதற்குள் ஒரு விஷயத்தைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் கேட்டால் சண்டை வருகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் கொட்டகை சிறியது. டவுனிலிருந்து லிந்தாங் போகும் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டே மாடு வளர்த்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு கொட்டகை என் தலையில் விழுந்தது. பத்துப் பசுக்கள், எல்லாமே கலப்பினம். சஹிவாலும் பிரிசியனும் கலந்தவை. அந்தக் காலத்தில் நம் ஆட்களோடு இந்தியாவிலிருந்து வந்த மாட்டின் ரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது.

வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பாக்கி வைக்காதவர், பாட்டிலைக் கழுவித் திருப்பித் தருபவர். அண்மையில் கேட்டார்: “கன்றுகளை வெட்டுக்குக் கொடுப்பதில்லை அல்லவா? கொடுக்கிறவர்களிடம் நான் வாங்க மாட்டேன்.” அப்பா நாற்காலியில் இருந்தபடியே, “நாங்கள் கோமாதாவைத் தெய்வமாக வைத்திருக்கிறோம், டீச்சர்” என்றார். பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. டீச்சர் திருப்தியாகப் போய்விட்டார். எனக்குத்தான் எரிச்சல்.

கன்று போடாமல் பசு பால் தராது. போடும் கன்றில் பாதி காளை. பத்துப் பசு என்றால் வருடத்துக்கு நான்கைந்து காளைக் கன்றுகள் பிறக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் பத்து வருடத்தில் நாற்பது காளைகள் நிற்கும். 300 கிலோ மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ பச்சைப் புல் வேண்டும். நாற்பதுக்கும் சேர்த்து நாள்தோறும் ஒரு டன்னுக்கு மேல். யார் அறுப்பது? எந்த நிலத்தில்?

அதனால் விற்கிறோம். பால் மறந்த பிறகு ஒரு மலாய்க்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் உடனே அறுப்பதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் என்ற பலிக்கு மாட்டுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். நொண்டி, குருடு, எலும்பும் தோலுமானது எதுவும் செல்லாது. ஆகவே செம்பனைக்கு அடியில் மேயவிட்டு நன்றாகத்தான் வளர்க்கிறார். அவர் மாட்டை அடித்து நான் பார்த்ததில்லை. கயிறு கட்டும் நேர்த்தியில் எங்கள் அப்பாவைவிடப் பொறுமைசாலி. ஊரில் யாராவது இதைப் பேசும்போது பழியை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பாலைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்கு விற்பது நான். எனக்கு அந்தக் கன்றைப் பிறக்க வைக்கக் காசு கொடுப்பது டீச்சர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடு கன்று போட்டது தெரிந்தால் சீம்பாலுக்கு ஆள் வந்துவிடும். பிறந்த முதல் சில மணி நேரத்தில் அது கன்றின் வயிற்றுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நோயைத் தாங்காது. கன்று குடித்து மிஞ்சியதைத்தான் தருவேன் என்றால், “காளைக் கன்றுதானே, அதற்கு எதற்கு அவ்வளவு?” என்று கேட்ட அம்மாவும் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர்.

சஹிவால் ரத்தம் உள்ள பசு கன்று முட்டாமல் பாலை இறக்காது. கன்றை விற்ற பிறகு சில நாள் மடி கல்லாக இருக்கும். ஊசி போட்டுப் பாலை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போடுவதில்லை. காலை ஐந்து மணிக்கு அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே தடவித் தடவிக் கறக்கிறேன்.

என் கேள்வி இதுதான். தைப்பூச முன்பதிவுத் தாளில், விலைக்குக் கீழே, “எங்கள் கொட்டகையில் காளைக் கன்றுகளை வளர்ப்புக்கு விற்கிறோம், பின்னர் அவை இறைச்சிக்குப் போகும்” என்று அச்சடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். தம்பி, பாதி வாடிக்கை போய்விடும் என்கிறான். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? “பாவம்” என்று மட்டும் எழுதுகிறவர்கள் தயவுசெய்து எந்தப் பாலில் காப்பி குடிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இலைச்சோறு (ஈப்போ):

அக்கா, நான் வீகன். காப்பி கறுப்பாகத்தான் குடிக்கிறேன், எனவே பேச எனக்கு அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

அச்சடியுங்கள். ஆனால் அதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது. நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பசு கத்துகிறது, நீங்கள் கறக்கிறீர்கள். வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டதால் அந்தப் பசுவுக்கு என்ன மாறியது? காந்தி 1912இல் பாலை விட்டார். கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகக் கல்கத்தாவில் பசுக்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி அறிந்தது அதற்கு ஒரு காரணம். பிறகு நோயில் விழுந்தபோது ஆட்டுப்பாலுக்கு ஒத்துக்கொண்டார், அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய மனிதரையே உறுத்தியதை நாம் குடம் குடமாகத் தலையில் சுமந்துகொண்டு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறோம். முருகன் கேட்டாரா? இளநீரும் பன்னீரும் அபிஷேகப் பொருள்கள்தானே.

குர்பானுக்கு ஆகும் மாடு இரண்டு வருடமாவது நன்றாக வாழ்கிறது என்பது உண்மைதான். நன்றாக வாழும் உயிர் இன்னும் பல வருடம் வாழத்தான் விரும்பும். மாடு 15, 20 வருடம் வாழக்கூடியது.

கொட்டகைக்காரி:

தம்பி, ஆட்டுக்கும் கிடாக்குட்டி பிறக்கும். காந்தியை உறுத்தியது அதனால்தானோ என்னவோ.

உங்கள் பேச்சில் ஓட்டை இல்லை, அதுதான் சங்கடம். ஆனால் நான் நாளைக்கே கறப்பதை நிறுத்தினால் இந்தப் பத்தும் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? இறைச்சிக்குப் போகும் லாரியில்தான்.

பழைய வண்டிக்காரன்:

தங்கச்சி, எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. உன் அப்பாவை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் சொன்ன பதிலை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்.

ஒரு காலத்தில் அந்தப் பதில் பாதியாவது உண்மையாக இருந்தது. ஏனென்றால் காளைக்கு அப்போது வேலை இருந்தது. லயத்தில் யார் வீட்டிலாவது காளைக் கன்று பிறந்தால், வண்டிக்கு ஆகுமா என்று பார்க்க ஆள் வரும். விறகு, புல், தண்ணீர்ப் பீப்பாய் என்று எல்லாம் மாட்டு வண்டியில்தான் போகும். செம்பனை வந்த பிறகும் சில தோட்டங்களில் குலைகளைச் சாலைக்கு இழுத்து வந்தது மாடும் எருமையும்தான். நானே ஒரு ஜோடி ஓட்டினேன். மூக்கணாங்கயிறு போட்டோம், காயடித்தோம், லாடம் அடித்தோம், கோபம் வந்தால் வாலைத் திருகினோம். அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உழைக்கிற மாட்டை ஒருவன் பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்திருப்பான். டிராக்டர் வந்தது, காளைக்கு வேலை போயிற்று. நமக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை போயிற்று, அது தனிக் கதை.

மேய்ச்சலும் போயிற்று. ரப்பருக்கு அடியில் புல்லை அறுத்துக்கொண்டு வருவோம், கேட்க ஆள் இல்லை. பிறகு களைக்கொல்லி அடிக்கத் தொடங்கினார்கள். மருந்தடித்த புல்லைத் தின்று மாடு செத்த வீடுகள் உண்டு. அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டை 2020இல்தான் இந்த நாட்டில் தடை செய்தார்கள். அதற்குள் மாடு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் மாட்டை விற்றுவிட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். இப்போது பாட்டில் பால் வாங்குகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். தாத்தா வீட்டுக் காளை கிழமாகிச் செத்தது அவர்களுக்கு நினைவிருக்கும். உன் வீட்டுக் காளைக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சொல்லிவிடு. அப்பா கொஞ்ச நாளில் பேசுவார்.

முனியாண்டி கோயில் செயலாளர்:

வருடம் தவறாமல் எங்கள் கோயிலுக்கு ஒரு கூட்டம் வரும். “இந்தக் காலத்தில் கிடா வெட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?” என்று கேட்கும். கேட்கிற வாயில் காலையில் குடித்த நெஸ்காபே வாசம் இருக்கும். பால் ஊற்றியதுதான்.

நாங்கள் ஊர் பார்க்க வெட்டுகிறோம். ரத்தம் தரையில் கிடக்கிறது, குழந்தைகள் பார்க்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். கறியைச் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அது சரி என்று நான் வாதாட வரவில்லை. எங்கள் கமிட்டியிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. இளைஞர்கள் பூசணிக்காய் போதும் என்கிறார்கள், என் மனமும் மெல்ல அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஏச்சு முழுவதும் எங்களுக்கு, பூமாலை முழுவதும் பால்குடத்துக்கு என்பது எந்த நியாயம்? சகோதரி அச்சடிக்கட்டும். எங்களுக்கும் கொஞ்சம் துணை கிடைத்தது போல இருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் (கோலகங்சார்):

பேரா மாநிலக் கொட்டகைகளில் சினை ஊசி போட்டே தேய்ந்தவன் நான். கொஞ்சம் நடைமுறை பேசலாமா?

முதலில், வேண்டாத கன்றை அவிழ்த்துவிட்டுவிடலாம் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் முதலாம் எண் கூட்டரசு சாலையில் ராத்திரி நேரத்தில் கறுத்த மாடு நின்றால் மோட்டார் சைக்கிள்காரன் கண்ணுக்குத் தெரியாது. மாடும் சாகும், மனிதனும் சாவான். தீனி போடாமல் கட்டி வைப்பதும் கூடாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் வதைக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, மூன்று வருடம் வரை சிறையும் போடலாம். விற்பது குற்றமில்லை, பட்டினி போடுவது குற்றம். காளைக் கன்றை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டு, தாயிடம் பாலையும் விடாமல், வயிறு ஒட்டிச் சாகவிட்ட பக்திமான்களை என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்றுகளைவிடக் குர்பான் மாடு கொடுத்து வைத்தது.

இரண்டாவது, உங்களிடம் வாங்க மாட்டேன் என்று சொல்கிறவர் கடைக்குப் போய் எதை வாங்குவார்? பால் மாவாக இருந்தாலும் டின்னாக இருந்தாலும் அதில் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பால்தான். நியூசிலாந்தில் பண்ணைக்கு வேண்டாத கன்று பிறந்து நான்கு நாள் ஆகிவிட்டால் இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பலாம். இலட்சக்கணக்கில் அப்படிப் போகின்றன. இந்த நாட்டுக் கடைகளில் விற்கும் உறைந்த எருமை இறைச்சி பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. அதுவும் அங்கே பால் வற்றிய எருமையும் பாலுக்கு உதவாத கடாக்கன்றும்தான். பாலுக்குப் பின்னால் கறி இல்லாத நாடு எது என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்குப் பயன்படும். பாலினம் பிரித்த விந்து என்று ஒன்று இருக்கிறது. பெண் கன்று தரும் விந்தணுவில் டிஎன்ஏ சுமார் 4 விழுக்காடு கூடுதல். அதை வைத்துக் கருவி பிரித்தெடுக்கிறது. அந்த ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது கிடேரிக் கன்றுதான். விலை கூடுதல், சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. அதனால் வயதான பசுவுக்குப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். முதல் சினைக்கு நிற்கும் கிடேரிகளுக்குப் போடுங்கள், பருவத்துக்கு வந்ததைச் சரியாகக் கண்டுபிடித்து நேரத்தோடு போடுங்கள். காளைக் கன்று அடியோடு நின்றுவிடாது. வருடத்துக்கு நான்கைந்து என்பது ஒன்றிரண்டாகலாம்.

இலைச்சோறு (ஈப்போ):

ஐயா, அந்தக் கிடேரிகள் எல்லாம் வளர்ந்து பால் வற்றிய பிறகு?

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்:

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் ஊசி இல்லை, தம்பி.

கொட்டகைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. “பாவம்” என்று தனிச்செய்தி அனுப்பிய மூவருக்கும் நன்றி. காப்பியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

தாளில் அச்சடிக்கப் போகிறேன். டீச்சருக்கு மட்டும் தாளில் தெரிய வேண்டாம், நேரில் போய்ச் சொல்கிறேன். அவர் நேருக்கு நேர் கேட்டவர், அந்த மரியாதை உண்டு. அவர் நின்றுவிட்டால் நின்றுவிடட்டும். ஆனால் ஒன்று கேட்பேன்: ஒரே ஒரு காளையையாவது சாகும்வரை வைத்துக்கொள்ள வாடிக்கையாளர்கள் சேர்ந்து புல்லுக்கும் பிண்ணாக்குக்கும் காசு தருவீர்களா என்று. பாட்டிலுக்கு ஐம்பது காசு கூட்டினால் என் கணக்குப்படி ஒரு காளைக்குத் தாங்கும். நாற்பதுக்குத் தாங்காது. ஒன்றுக்குக்கூட ஆள் சேராவிட்டால், இனி என் வாசலில் யாரும் கோமாதா என்று தொடங்க வேண்டாம்.

இலைச்சோறு தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. கொட்டகையில் இப்போது பால் வற்றிய கிழவி ஒருத்தி இருக்கிறாள், அப்பாவின் செல்லம். அவளை விற்க மாட்டோம். அது கொள்கை இல்லை, அப்பாவின் பிடிவாதம். மற்ற ஒன்பதுக்கும் அப்படி ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார்.

கால்நடை ஐயா, என்னிடம் இரண்டு கிடேரிகள் பருவத்துக்கு வந்திருக்கின்றன. அந்த ஊசிக்கு மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமா, தனியாரிடம் வாங்க வேண்டுமா? ஒரு ஊசி என்ன விலை ஆகும், முதல் முறை பிடிக்காவிட்டால் மறுபடியும் முழு விலையா?