பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு வேண்டிய கணிதம் பிந்தி வருகிறதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: முதுகலை இயற்பியல் ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். 2018-19இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூலில், இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் மூன்றும் தேவைப்படுகின்றன. கணிதப் பாடநூலிலோ இவை இரண்டாம் தொகுதியில்தான் உள்ளன. நிலை வெக்டரை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் திசைவேகம் கிடைக்கும் என்று ஜூலை மாதம் கரும்பலகையில் எழுதும்போது, வகையிடல் என்றால் என்ன என்பதையும் நானே நடத்த வேண்டியிருக்கிறது. தாவரவியல், விலங்கியல் எடுத்த பிரிவினருக்கோ கணிதப் பாடமே கிடையாது. மதிப்பெண் முறை, தேர்வு நேரம், பொதுத்தேர்வு என எத்தனையோ மாறிவிட்டன. இயற்பியல், கணிதம் இரண்டின் பாட வரிசையை மட்டும் ஏன் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை?

பதில் 1: கணித ஆசிரியை

ஐயா, வரிசையை மாற்றுவது கணித நோக்கில் இயலாத காரியம் அன்று. சார்புகளும் முக்கோணவியலும் முடிந்தவுடன் எல்லை, வகையிடல் ஆகியவற்றுக்குப் போய்விடலாம். சேர்ப்பியலும் பகுமுறை வடிவியலும் காத்திருக்கும். வெக்டர் பெருக்கலுக்கு மட்டும் அணிக்கோவையைச் சற்று முன்னதாகச் சொல்லித்தர வேண்டும். தடை வேறிடத்தில் இருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்கு எங்கள் மாவட்டத்தில் பொது வினாத்தாள் வருகிறது. அது பாடநூலின் வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. நான் அலகு மாற்றி நடத்தினால் என் மாணவர்கள்தான் மதிப்பெண் இழப்பார்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்

பாடநூலின் கனத்தைக் குறை சொல்ல நான் உடன்படமாட்டேன். அந்த ஆழம் வேண்டியதுதான். அதை இறக்கிய வேகம்தான் பிழை. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. 10, 12 உள்ளிட்டவற்றுக்கு அடுத்த ஆண்டில். ஆகவே புதிய பதினொன்றாம் வகுப்பில் முதலில் நுழைந்த இரண்டு மாணவர் அணியினரும் பத்தாம் வகுப்பைப் பழைய சமச்சீர் நூலில் படித்தவர்கள். ஒன்பது, பத்து, பதினொன்று என ஒழுங்காகப் படியேறி வந்த முதல் அணிக்கு வாய்த்தது 2020-21. பள்ளிகள் மூடிக்கிடந்தன, பாடப்பகுதி குறைக்கப்பட்டது, தேர்வின்றியே தேர்ச்சி. புதிய பாடத்திட்டம் பயன் தந்ததா என்று எந்த அணியை வைத்து அளப்பது?

பொதுத்தேர்வின் கதையும் இத்தகையதே. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்பை நடத்தி வந்ததைத் தடுக்க, 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அத்துடன் பாடத்துக்கு 200 மதிப்பெண் 100 ஆயிற்று. மூன்று மணி நேரத் தேர்வு இரண்டரை மணியாகி, பிறகு மீண்டும் மூன்று மணியாயிற்று. 2025-26இல் அப்பொதுத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. நான் சென்றவற்றில் மதிப்பெண் பங்கீட்டையும் வினாத்தாள் அமைப்பையும் பேசி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும்.

பதில் 3: இயற்பியல் ஆசிரியை, அரசு உதவி பெறும் பள்ளி

கணிதம் எடுக்காத பிரிவுக்கு நான் வரைபடத்தில் தொடங்குகிறேன். இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தின் சாய்வு திசைவேகம். திசைவேகம்–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. கட்டத்தாளில் சதுரங்களை எண்ணவைத்த பிறகு தொகையிடல் குறியீட்டை எழுதினால் அவர்கள் மிரள்வதில்லை. இதற்கு ஒரு வாரம் கூடுதலாகச் செலவாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. பொதுத்தேர்வு நீங்கிய நிலையில், காலாண்டு வினாத்தாளிலாவது அலகுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பள்ளிகளுக்குத் தரும்படி மாவட்ட அளவில் கோரிக்கை வைக்க எண்ணுகிறேன். கணித ஆசிரியை அவர்கள் தாம் சொன்ன அலகு வரிசையை முழுமையாக எழுதித் தந்தால் அதையும் இணைத்துவிடுவேன்.