கொதிவெடிப்பு: ஒரு சொல் முன்மொழிவு

அண்ணாச்சி, அக்கா, வணக்கம்.

உருகிய உலோகம் தண்ணீரைத் தொட்டு வெடிப்பதை 'நீராவி வெடிப்பு' என்றே சொல்லிவிடலாம் என்று அண்ணாச்சி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்படிச் சொன்னால் கொதிகலன் வெடித்த செய்திதான் நினைவுக்கு வரும். அங்கே ஆவி முன்னமே அடைபட்டிருக்கிறது, கலன் தாங்காமல் உடைகிறது. நாம் பேசும் வெடிப்புக்குக் கலனே வேண்டாம்.

காய்ந்த தோசைக்கல்லில் வெள்ளம் தெளித்தால் துளி தன் அடியில் எழும் ஆவிப்படலத்தின் மேல் வற்றாமல் உருண்டோடுமே, அதே படலம்தான் இங்கும் முதலில் உருகுபொருளைச் சுற்றி நிற்கிறது. படலம் இருக்கும்வரை வெப்பம் மெதுவாகவே இறங்கும். ஏதோ ஓர் அதிர்வில் அது குலைந்தால் நீர் நேரடியாகத் தொட்டுவிடும். உருகுபொருள் பொடிப்பொடியாகும், மேற்பரப்பு பல மடங்கு பெருகும், சில மில்லிவினாடிகளில் வெப்பம் மொத்தமாக நீருக்குள் பாயும். நீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். விலகி இடம்விட நேரம் ஏது? அதிர்ச்சி அலை கிளம்பிவிடும். இதில் எதுவும் எரியவே வேண்டாம். கொதிப்புதான் வெடிக்கிறது.

அதனால் 'கொதிவெடிப்பு' என்கிறேன். கொதிநிலை, கொதிநீர் வரிசையில் எளிதாக உட்காருகிறது. 'ஆவி வெடிப்பு' என்றால் பெட்ரோல் ஆவி தீப்பிடிப்பதோடு குழம்பும். இன்னொன்று, திரவ இயற்கை எரிவாயு சுமார் மைனஸ் 162 டிகிரியில் இருப்பது. அது கடலில் கொட்டினால் கடல்நீர்தான் சூடான பக்கம், கொதித்து வெடிப்பது எரிவாயு. அந்த வெடிப்பை எப்படி நீராவிக் கணக்கில் சேர்ப்பது?

நாகர்கோவில் பக்கம் பித்தளை வார்ப்பவர்கள் அச்சை நன்றாக உலர்த்திச் சூடாக்கிய பிறகே ஊற்றுவார்கள். ஈரம் ஒளிந்திருந்தால் 900 டிகிரி தாண்டிய குழம்பு முகத்தில் தெறிக்கும். பட்டறைச் சுவரில் 'ஈரம் ஆகாது, கொதிவெடிப்பு அபாயம்' என்று எழுதினால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கூடங்குளம் உலைகளுக்கு அடியில் உருகிய எரிபொருளைப் பிடிக்கும் அமைப்பு எதற்கு என்று விளக்கும்போதும் இதே சொல் உதவும்.

அப்புறம், உருகுபொருள் பொடியாவதற்கு அக்கா 'சிதறல்' என்று தந்திருக்கிறார். ஒளிச்சிதறலில் அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'நுண்துணுக்காதல்' சரிவருமா, அக்கா?