முதல் மாடியில் 6 அடி மீன் தொட்டி: தரை தாங்குமா?

கேள்வி:
மயிலாப்பூரில் பழைய கட்டடம், முதல் மாடி. அப்பாவின் அரோவானா மீன் இப்போதைய தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் வாலை மடக்கிக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி வாங்கி கூடத்து நடுவில் வைக்கலாமா?

பதில் 1:
தண்ணீர் மட்டுமே சுமார் 680 கிலோ சார். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு தனி. வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரவிதி வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி உட்காரும் இடமோ 1.1 சதுர மீட்டர்தான். நடுவில் வேண்டவே வேண்டாம். கீழே பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வைப்பதே நல்லது.

பதில் 2:
அதற்கு முன்னால் தளம் கான்கிரீட்டா, மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெர்ரஸா என்று பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் மரக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
கீழே போய்ப் பார்த்தேன். கான்கிரீட்தான். ஆனால் கூடத்துக்கு நேர் கீழே ஓர் இடத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

பதில் 1:
அப்படியென்றால் 200 கிலோ கணக்கையும் நம்ப முடியாது. துரு ஏறிய கம்பி உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் தொட்டிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தரைத்தளத்தில் உறவினர் யாருக்காவது வீடு இருந்தால் மீனை அங்கே மாற்றுங்கள். மூடி கனமாக இருக்கட்டும், அரோவானா துள்ளிக் குதித்துவிடும்.