மகனின் ஐக்யூ 81ல் இருந்து 68 ஆகிவிட்டது, அறிவு பின்னால் போகுமா?

கோத்தகிரி_அம்மா:
பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம், கூடவே கவனம் நிலைக்காத ஏடிஎச்டி. இரண்டு வருடத்துக்கு முன் ஊட்டியில் படம் காட்டி, கட்டை அடுக்கச் சொல்லி ஒரு டெஸ்ட் வைத்தார்கள், 81. போன வாரம் கோயம்புத்தூரில் பினே-காமத் என்ற ஐக்யூ டெஸ்ட், 68. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்கிறது பள்ளி. ஆனால் அவன் முன்னைவிட நன்றாகத்தான் பேசுகிறான். வீட்டில் படுகு மொழி, பள்ளியில்தான் தமிழ்.

தேயிலை_டீச்சர்:
அக்கா, இரண்டும் ஒரே தராசு இல்லை. பினே-காமத்தில் கேட்டுப் பதில் சொல்வது அதிகம், அதையும் தமிழில் கேட்டிருப்பார்கள். ஆட்டிசம் பிள்ளைகள் பலர் கட்டை அடுக்குவதில் வெளுத்து வாங்குவார்கள், "ஏன் பொய் சொல்லக்கூடாது" மாதிரிக் கேள்வியில் முழிப்பார்கள். ஏடிஎச்டி இருந்தால் எண்களை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்வதும், வேகமாக எழுதுவதும் சறுக்கும். அப்புறம் ஐக்யூ என்பது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது, சராசரி 100. இவன் ஓரடி முன்னே வந்து மற்றவர்கள் இரண்டடி போயிருந்தால், வளர்ந்திருந்தும் எண் இறங்கும். மொத்த மார்க்கை விடுங்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஹட்டி_அப்பா:
காலையில் முதல் பஸ்ஸா போனீங்க? என் மகளை அப்படிக் கூட்டிப்போய், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இரண்டு தடவை வாந்தி, பத்து மணிக்கு டெஸ்ட். அவள் மேஜையில் தலை வைத்துப் படுத்ததுதான் மிச்சம். அடுத்த முறை முந்தின நாளே போய்த் தங்கினோம்.

கோத்தகிரி_அம்மா:
அதேதான் அண்ணா! வாந்தி, பசி, அறையில் ஃபேன் சத்தம் வேறு, அவனுக்கு அது ஆகவே ஆகாது. இதெல்லாம் ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை.

மலைக்காற்று:
அதற்காக 68ஐத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். படிப்பில் உண்மையாகவே திணறுகிறானா என்று பாருங்கள், உதவி தேவைப்படலாம். ஆனால் 70க்குக் கீழ் வந்ததாலேயே அறிவுசார் குறைபாடு என்று எழுத முடியாது, உடுத்துவது, கடைக்குப் போவது போன்ற அன்றாடத் திறனையும் அளக்கணும். அதற்கு வைன்லேண்ட் என்ற அளவுகோல் உண்டு, உங்களிடம் கேட்டுத்தான் நிரப்புவார்கள். செய்தார்களா?

கோத்தகிரி_அம்மா:
இல்லைங்க, என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

தேயிலை_டீச்சர்:
அப்படியென்றால் மதிப்பீடு பாதிதான் முடிந்திருக்கிறது, அதைப் பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். ஊனச் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். மறுபடி டெஸ்ட் வைத்தால் படுகு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.